தெரியாதவர்கள் சொன்ன ருசி

சர்க்கரைக் கேக்கை ஹென்ரீகே எத்தனை துண்டாக வெட்டினாலும் போதவில்லை. அவள் அப்பா எக்கேஹார்ட்டை அடக்கம் செய்துவிட்டு வந்த ஊர், முற்றத்தில் உட்கார்ந்து அவர் செய்த ஒயினையே குடித்துக்கொண்டிருந்தது.

"தேன் மாதிரி இருக்கு," என்றார் சித்தப்பா ஃபோல்க்மார்.

முப்பது வருஷமாக அதைச் "சாலட்டுல ஊத்துற வினிகர்" என்று கேலி செய்தவர். செத்தவர் கைவேலையைக் குறை சொல்ல இன்று யாருக்கு நாக்கு வரும்?

அவளுக்கோ இன்றுதான் உண்மை வேண்டியிருந்தது. உன்ஸ்ட்ரூட் ஆற்றுக்கு மேலே, ஆடுகூட ஏறத் தயங்கும் சுண்ணாம்புச் சரிவில் நிற்கும் அப்பாவின் சில்வானர் திராட்சைக் கொடிகளைப் பக்கத்துத் தோட்டக்காரர் விலைக்குக் கேட்கிறார். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள்; ஒயினில் அமிலம் எவ்வளவு என்று அளந்துவிடுவாள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அது அப்பாவின் ஒயின்.

வாசற்கதவு திறந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வெளியூர்த் தம்பதி.

"உக்காரலாமாங்க? வாசல்ல பச்சை வளையம் பாத்தோம்."

சொந்த ஒயினை வீட்டிலேயே விற்கும் வாரங்களில் வாசலில் பச்சைக் கொத்தோ வளையமோ கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். இது கல்லறைக்கென்று சித்தப்பா கொடியில் பின்னிய வளையம். மறந்துவிடக் கூடாதென்று கதவில் மாட்டியவர், மறந்தே போய்விட்டார்.

பதறி எழுந்தவரின் தோளை ஹென்ரீகே அழுத்தினாள். "சும்மா இருங்க சித்தப்பா."

"எல்லாரும் கறுப்பு உடுப்புல இருக்கீங்களே, பாட்டுக் குழுவா?" என்றார் கணவர்.

"காலைல கோயில்ல பாடினோம்," என்றார் சித்தப்பா. பொய் இல்லை.

ஹென்ரீகே ஊற்றினாள். அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"ஐயோ, புளிக்குது!"

ஹென்ரீகேயின் கை புட்டியிலேயே இருந்தது.

"இருங்க, இருங்க." இன்னொரு வாய். "மழை பெஞ்ச கல்லை நக்கின மாதிரி..."

"ஏய், திட்டுறேன்னு நினைச்சுக்கப் போறாங்க," என்றார் கணவர்.

"திட்டலை. உங்க கிளாஸையும் இப்படித் தள்ளுங்க." தள்ளியதையும் குடித்துவிட்டு, "ரைன் பக்கமெல்லாம் சுத்திட்டோம். இங்க இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமப் போச்சே!" என்றாள்.

"எங்களுக்கும்தான்," என்றார் சித்தப்பா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு முற்றமே சிரித்தது. பாதிரியாருக்குப் புரையேறியது. எதற்கென்று தெரியாமல் அந்தத் தம்பதியும் சிரித்தார்கள்.

"அடுத்த வருஷம் வந்தாலும் கிடைக்குமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பக்கத்துத் தோட்டக்காரர் தன் கோப்பைக்குள் பார்த்தார். மற்ற எல்லோரும் ஹென்ரீகேயைப் பார்த்தார்கள்.

"ஜூன்ல வாங்க, வாசல்ல கொத்துக் கட்டியிருப்பேன்," என்றாள். "புளிப்பு இருக்கும்."

இன்னொரு புட்டி எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். பெரிய பீப்பாயின் முகப்பில், அப்பா ருசி பார்த்த தேதிகள் சாக்பீஸில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசித் தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் குழாயைத் திருகி ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சாக்பீஸைத் தேடினாள்.