பிரிம்ரோஸ் பற்றி ஹூபர்ட் பேசிய மாலை

ஹூபர்ட் சக்டனுக்கு வெங்காயத்தைத் தவிர வேறு எந்தச் செடியும் மனிதன் வளர்க்கத் தக்கதல்ல. ஆள் தலை அளவுக்கு வெங்காயம் விளைவிப்பான். கடித்தால் வெறும் தண்ணீர். அதற்கே எங்கள் யார்க்‌ஷயர் கிராமத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான்.

அவன் மனைவி மார்ஜரி, வடக்குச் சுவரோரம் ஆப்பிள் மரத்தடியில் பிரிம்ரோஸ் பூச்செடிகள் வளர்த்தாள். குளிர் விடுவதற்குள்ளேயே வெளிர்மஞ்சளாகப் பூத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரியான நான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து வயிறெரிவேன்.

ஓர் அக்டோபரில், தங்கையின் பிரசவத்துக்காக மார்ஜரி விட்பிக்குப் போயிருந்தாள். வெங்காயத்துக்கு வாங்கிய குதிரைச் சாணத்தைக் கொட்ட ஹூபர்ட்டுக்கு இடம் தேவைப்பட்டது. மார்ஜரியின் பாத்தியைக் கொத்தி, செடிகளைக் கொட்டகைக்குப் பின்னால், தொட்டால் அரிக்கும் காஞ்சொறி மண்டிய ஓடைக்கரையில் வீசினான்.

ஊர் திரும்பியவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என் செடியெல்லாம் எங்க?"

"எது, அந்தக் களையா? சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு."

அன்றே அவள் காஞ்சொறியைப் பிடுங்கி, வாடிக் கிடந்தவற்றை அங்கேயே நட்டு, மக்கிய இலைகளைப் போர்த்தினாள். குளிர்காலம் முழுக்க அவற்றின்மேல் பனி கிடந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. ஓடை ஈரமும் கொட்டகை நிழலும் பிடித்துப்போய், ஏப்ரலில் இலையே தெரியாமல் பூத்தன.

ஊரின் சிறந்த தோட்டத்துக்குப் பரிசு தரத் தோட்டச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது மார்ஜரி கடைக்குப் போயிருந்தாள். தலைவி திருமதி பிக்கர்ஸ்கில் பூக்களைக் கண்டு மலைத்துவிட்டார்.

"யோசிச்சு நான்தாங்க இங்க மாத்துனேன்," என்றான் ஹூபர்ட், கூசாமல். "பழைய எடத்துல நெழல் பத்தல."

பரிசு அட்டை அவன் பெயருக்கே வந்தது. கூடவே, மே மாதக் கூட்டத்தில் பிரிம்ரோஸ் வளர்ப்பைப் பற்றிப் பேச அழைப்பும்.

"என்ன பேசறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடேன்," என்று சாப்பாட்டு மேசையில் குழைந்தானாம்.

"பரிசு வாங்குனவன் நீ. நீயே பேசு."

தேவாலயக் கூடம் நிரம்பியிருந்தது. ஹூபர்ட் தொண்டையைச் செருமினான்.

"பிரிம்ரோஸுக்கு... நல்ல வெயில் வேணும். குதிரைச் சாணம் நெறையப் போடணும். தாள் மஞ்சளானதும் மடக்கி விடணும். அப்பதான் அடியில நல்லாப் பெருக்கும்."

"அடியில எதுங்க பெருக்கும், மிஸ்டர் சக்டன்?" என்று திருமதி பிக்கர்ஸ்கில் கேட்டார்.

"பெரிய வெங்காயம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். கூடமே சிரித்தது. சத்தியமாக அது நானில்லை. நான் சிரிப்பில் புரையேறிக் கிடந்தேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நிதானமாகத் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னய ஏன் பாக்கற, ஹூபர்ட்? எனக்குக் களையப் பத்தித்தான தெரியும்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். பிறகு மார்ஜரியே எழுந்து, பூத்து ஓய்ந்ததும் தூரைக் கையால் பிரித்து ஈர நிழலில் நடும் விதத்தைச் சொன்னாள். போகப் போக அவள் குரல் கணீரென்று ஒலித்தது. பிரித்த கன்றுகளில் பாதி இன்று என் தோட்டத்தில் இருக்கின்றன.

ஹூபர்ட் திருந்திவிட்டானா என்று கேட்கிறீர்களா? அந்தப் பரிசு அட்டையைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறான். வருகிற விருந்தாளிகளிடம் பிரிம்ரோஸ் வளர்ப்பது எப்படி என்று விளக்கமும் சொல்கிறான்.