லேசான வாரம்

மூன்று வாரம் உடம்பைப் பிழிந்து எடுத்தால் நான்காவது வாரம் அதைக் கெஞ்சிக் கொஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும். நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் வழக்கம் இது. அந்த நான்காவது வாரத்துக்கு அவனும் அத்தானும் வைத்த பேர் லேசான வாரம். தூரம் பாதி. வேகம் நடையைவிட ஒரு பிசிறு கூட. பக்கத்தில் வருகிறவரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே ஓட முடியவேண்டும். பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம், குறைத்துக்கொள் என்று அர்த்தம். இதற்குக் கடிகாரமும் வேண்டாம், கோச்சும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். அத்தானுக்கு வாய் இருந்தது. நாலு பேருக்குப் பங்கு வைக்கிற அளவுக்கு இருந்தது.

அத்தான் என்றால் அவனுடைய அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். "என்னைக் கூப்பிடுற கட்டடத்துல எந்த லிஃப்ட் ஓடும் மாப்ளே? பன்னிரண்டு மாடியும் நடைதான். அதுக்கு ரோட்டுல ஓடுறது சுகம்" என்று சொல்லித்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் அவனையும் இழுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் இரண்டு பேரும் நிற்பார்கள். மழையா, காய்ச்சலா, கல்யாணமா, அதெல்லாம் அவர்கள் கணக்கில் கிடையாது.

அந்த அத்தான் போய் மூன்று மாதம் ஆகிறது. அதுவும் ஒரு லேசான வாரத்தின் கடைசியில்தான். சனிக்கிழமை காலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"கொஞ்ச நாளாவே ஹார்ட் பலவீனமா இருந்திருக்கு. தினமும் உங்ககூடத்தானே ஓடினார்? மூச்சு வாங்கினாரா? பேச முடியாம திணறினாரா?" என்று டாக்டர் அவனைத்தான் கேட்டார். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள்.

"இல்ல சார். நல்லாப் பேசிட்டேதான் வந்தார்" என்றான். அக்கா எதுவும் சொல்லவில்லை.

பொய். பச்சைப் பொய். அந்த வாரம் அத்தான் பேசவே இல்லை. அது ஏன் என்று அவனுக்கு விளங்கியது டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்ட அந்த நொடியில்தான்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குப் பிறந்தநாள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வீடு நிறைய ஆட்கள். அத்தானுக்குக் கேட்கவா வேண்டும், கச்சேரி ஆரம்பித்துவிட்டார். போன பந்தயத்தில் முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் இவன் கால் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்ததையும், கண்ணில் தண்ணீர் வர, சைக்கிளில் போன பெரியவரிடம் "பின்னாடி ஏத்திக்கிறீங்களா ஐயா" என்று கேட்டதையும் நடித்தே காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மனைவி சிரித்தாள், மகள் சிரித்தாள். அவனுக்கு மட்டும் சுருக்கென்றது. ஆறு மாதம் உயிரைக் கொடுத்துத் தயாரான பந்தயம் அது. "இனிமே என் ஓட்டத்தைப் பத்தி நீங்க வாயே திறக்க வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அத்தான் முகம் தொங்கிப்போனது.

மறுநாள் தெருமுனையில் வந்து நின்றார். ஓட ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. ஓகோ, வாயைத் திறக்காதே என்றதும் முறுக்கிக்கொண்டாரா, எத்தனை நாள் பார்க்கலாம் என்று இவனும் வாயை மூடிக்கொண்டான். செவ்வாய், புதன், வியாழன், இதே கதை. இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி ஓடினார்கள். எட்டு வருடமாக ஓடுகிறவன், பேச்சு நின்றால் மூச்சைப் பார் என்று புதிதாக வருகிற பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன், தன் பக்கத்தில் வந்தவர் பேசாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டான். புத்தி எங்கே போயிற்றோ. வீம்பு வந்தால் புத்திக்கு என்ன வேலை.

வெள்ளிக்கிழமை செய்தது அதைவிடப் பெரிய பாவம். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த லேசான வாரத்தின் திங்கட்கிழமை, ஐந்தே முக்காலுக்கு அவன் தெருமுனைக்கு வந்தபோது அங்கே அக்கா நின்றிருந்தாள். புது ஷூ, பழைய சுடிதார், தலையை இழுத்துக் கட்டியிருந்தாள்.

"லேசான வாரம்னு உன் பொண்டாட்டி சொன்னா. நானும் வரேன். நான் நடப்பேன், நீ என் வேகத்துக்கு ஓடு" என்றாள்.

அக்கா நூலகத்தில் வேலை பார்த்துப் பார்த்து வீட்டிலும் குரல் உயராதவள். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். கண் இரண்டும் எப்போதும் வீங்கியே கிடந்தன. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "வாக்கா" என்றான்.

கால்வாய்க் கரையோரம் அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, கேட்டாள்.

"அந்த வாரம் திங்கட்கிழமை அவர் என்ன பேசினார்?"

"எந்த வாரம்?"

"எந்த வாரம்னு உனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் அப்படி முறைச்சுக்கிட்டீங்களே. மறுநாள் பேசினீங்களா?"

அக்கா அவன் முகத்தையே பார்த்தபடி நடந்தாள். டாக்டரிடம் சொன்ன பொய்க்கு இன்னும் வயிறு நிரம்பவில்லை போலிருக்கிறது, அடுத்த கவளம் கேட்டது.

"பேசினோமே. இந்த இடத்துக்கு வர்றதுக்குள்ளயே சமாதானம் ஆயிட்டோம். 'மனசுல வெச்சுக்காதே மாப்ளே'ன்னார். நானும் 'நான் பேசினதுதான் தப்பு அத்தான்'னேன்."

"அப்படியா சொன்னார்?"

"ஆமாக்கா."

"சரி. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை பேசினதைச் சொல்லு. ஒரேயடியா எல்லாத்தையும் சொல்லிடாதே" என்றாள்.

அவன் பிழைப்பு பல் கட்டுவது. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்து, வாயில்லாதவர்களுக்கு வாய் செய்து கொடுக்கிற வேலை. லேபில் உட்கார்ந்து யாரோ ஒரு முதியவருக்குக் கீழ்வரிசை நட்டுக்கொண்டிருக்கும்போதே மறுநாளைக்கு அத்தான் என்ன பேசியிருப்பார் என்று யோசித்தான். அதில் கஷ்டமே இல்லை. எட்டு வருடம் கேட்ட குரல், தானாகவே வந்தது. அந்த வாரம் மட்டும் வராத குரல் இப்போது நிற்காமல் வந்தது. கையில் இருந்த பல்லை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பூனையைப் பற்றிச் சொன்னான். ஏதோ ஒரு ஆபீஸ் கட்டடத்தில் தினமும் லிஃப்ட்டில் நாலாவது மாடிக்குப் போகிற பூனை. யாராவது பொத்தானை அழுத்தும் வரை அது உள்ளேயே உட்கார்ந்திருக்குமாம். 'என் சர்வீசை மதிக்கிறது அது ஒண்ணுதான்' என்றாராம் அத்தான். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவள் கண்வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்ததை அவன் கவனித்தான்.

புதன்கிழமை அவளே கேட்டாள். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொல்லாம? ராத்திரி பூரா போர்வையை நீதான் இழுத்துக்கிறியாம். ஒரு பக்கம் விறைச்சுப்போய்த்தான் ஓட வர்றேன்னார்."

"யாரு, நானா? அண்டப்புளுகு. அவர்தான் சுருட்டிக்குவார்" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் போல இருந்தது அவனுக்கு. வியாழக்கிழமை தாராளமாகவே சொன்னான். அக்காவின் மகள் ஹாஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அத்தான் கவலைப்பட்டதாகவும், ஒருநாள் போய்க் கையோடு கூட்டிவந்து பத்து நாள் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்றதாகவும் சொன்னான். "அவர் குணம் அதுதான்" என்றாள் அக்கா. அன்று அவள் நடை வேகமாக இருந்தது. இடையில் நூறு அடி ஓடியும் பார்த்தாள்.

நாளை வெள்ளி. லேபில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தும் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அத்தான் வாய் திறக்கவே மாட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அக்கா வந்தாள். கால்வாயைக் கடக்கிற நடைபாலம் வரும்வரை கேட்கவே இல்லை. பாலத்தின் ஏற்றத்தில் நின்று கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள்.

"தம்பி, இன்னைக்குச் சொல்றதோட முடிஞ்சுபோகும்ல" என்றாள். "அதான் கேக்கவே மனசு வரல. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலடா. கடைசி வாரம் நீ அவர்கூடச் சிரிச்சுப் பேசிட்டு ஓடியிருக்கே. அவருக்கு அது நல்ல வாரமா இருந்திருக்கு. அது போதும் எனக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த நன்றியை அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, எல்லாம் பொய்" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் பேசவே இல்லைக்கா. ஒரு நாள்கூடப் பேசல. நானும் பேசல. கோபத்துல இருக்கார்னு நினைச்சுட்டேன். மூச்சு முட்டித்தான் பேசலைன்னு எனக்குத் தோணவே இல்லை. வெள்ளிக்கிழமை இந்தப் பாலத்துக்கு வந்ததும், உங்க வீம்பு பெருசா என் வீம்பு பெருசான்னு வேகத்தை ஏத்தினேன். லேசான வாரத்துல யாரும் அப்படி ஓட மாட்டாங்க. தெரிஞ்சே ஓடினேன். அவர் விடாம பின்னாடி வந்தார். தெருமுனையில நான் திரும்பிப் பாத்தப்போ முட்டியில கையை ஊனிக் குனிஞ்சு நின்னார். ஒரு கையைத் தூக்கினார். என்னமோ சொல்ல வந்தார்க்கா. நான் நிக்கல. வீட்டுக்குப் போயிட்டேன்."

சொல்லி முடித்ததும் மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கத்தான் செய்கிறது. அது அடுத்து யார் தலையில் போய் உட்காரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அக்கா பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு ஆள் நாயைக் கூட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். பிறகுதான் பேசினாள். குரல் உயரவில்லை.

"அந்தத் திங்கட்கிழமை காலையில நான் அவரைப் போகாதீங்கன்னு சொன்னேன். ரெண்டு வாரமா மாடிப்படியில நின்னு நின்னுதான் ஏறினார். டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் ஓடுங்கன்னேன். கேக்கல. 'மாப்ளே மனசு நோகப் பேசிட்டேன். இப்ப நான் போகலைன்னா முறுக்கிட்டு நிக்கிறேன்னு நினைச்சுக்குவான். அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டாத்தான் எனக்கு ஆறும். இது லேசான வாரம்தானே, ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போலாம்'னார். லேசான வாரம்னு சொன்னதும் நானும் விட்டுட்டேன்டா. அஞ்சு நாளும் நான்தான் கதவைத் திறந்து அனுப்பினேன். திரும்பி வந்ததும், கேட்டாச்சான்னு கேப்பேன். கையை ஆட்டிட்டுப் போய்ப் படுத்துக்குவார். கேட்டார்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமான்னு எனக்குப் புரியல. டாக்டர் கேட்டப்போ நானும்தான் வாயைத் திறக்கல."

அவன் பாலத்தின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னாரா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் உன்கூட வந்தேன்" என்றாள் அக்கா. "சொல்லிட்டார்னா, நான் அவரை அனுப்பினதுக்கு ஒரு நியாயமாவது இருக்கும்ல. சமாதானம் ஆயிட்டோம்னு நீ திங்கட்கிழமை சொன்னே. அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன். மூணு மாசத்துல அன்னைக்குத்தான்."

"இன்னைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்போதும் போல அவனுக்குச் சரியான பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது தெரிந்தது.

"சொல்லாம இருந்திருக்கலாம்டா" என்றாள்.