செருப்பு அடுக்கிய இறைநேசர்

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் ஹெதிக்கு, செருப்பு கோணலாகக் கிடந்தால் மூச்சு முட்டும். வீட்டிலிருக்கும் ஆறு ஜோடியை நாளெல்லாம் நேராக்கியே மனைவி மன்னூபியாவின் உயிரை வாங்கினார். ஸ்ஃபாக்ஸ் நகரப் பள்ளிவாசலிலோ, தொழுகையை விட்டுவிட்டு ஊரார் செருப்பை அடுக்கியவரை இறைநேசர் என்று கொண்டாடினார்கள். கை நடுங்குவதுகூட இறையச்சத்தாலாம்.

இந்தச் செருப்புப் பித்து நடுக்கத்துக்குத் தின்னும் மாத்திரையின் பக்கவிளைவு என்று டாக்டர் அதை மாற்றினார். ஹெதி நிம்மதியாக முன்வரிசையில் நின்று தொழ ஆரம்பித்தார்.

மறுவாரமே இமாம் வீட்டுக்கு வந்துவிட்டார். "வாசல்ல செருப்பெல்லாம் தாறுமாறாக் கெடக்கு, தங்கச்சி. மனுஷனுக்கு ஈமானே, இறைநம்பிக்கையே கொறஞ்சு போச்சு! அந்தப் புது மாத்திரைய நிறுத்திப் பாரேன்."

"எதுக்கு நிறுத்தணும்? கை நடுங்கிச் செருப்பு அடுக்குற அந்தப் பாக்கியம் உங்களுக்கும் கெடைக்கணும்னு இன்னைக்கே அல்லாகிட்ட துஆ கேக்குறேன்" என்றாள் மன்னூபியா.

இமாம் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார்.