நாற்பதில் போகும் அத்தான்

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவளுக்கு எதிரிகள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. சொந்தக்காரர்களே போதும். "நம்ம கடைதானே" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நான் ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் தலைமாட்டில் நின்று யோசனை சொல்வார்கள். அந்தப் பட்டியலில் முதல் ஆள் என் அக்கா வீட்டுக்காரர்.

அன்று அத்தான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஸ்பேனர், இன்னைக்கு என்னை ஒரு சைக்கிள் முந்திட்டுப் போச்சு."

ஸ்பேனர் என்றால் நான்தான். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர், இன்னும் போகவில்லை.

"போனா போகட்டும் அத்தான்."

"என்ன போகட்டும்? ஓட்டினது ஒரு அம்மா. பின்னாடி கேரியர்ல துணி மூட்டை வேற. திரும்பிப் பார்த்து, 'மெதுவா வாங்கய்யா, அவசரமில்ல'ன்னு சொல்லிட்டுப் போறா!"

சிரித்தால் வம்பு என்று குனிந்து பிரேக்கைப் பார்த்தேன். அவர் வண்டி இருபத்தைந்துக்கு மேல் போகாது. சீட்டுக்கு அடியில் மோட்டாரை ஆட்டிவைக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கு மேல் சுற்றாதே என்று தயாரிக்கும்போதே அதற்குள் பூட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"அந்தப் பூட்டை எடுத்துவிடு. நாப்பது போகணும். நானும் ஒரு மனுஷன்னு ரோட்டுல தெரியணும்."

எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் போன வருஷம், ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவர் இவர். கொல்லைப்பக்கம் போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வேகத்தை ஏத்தினே, உன் கடை வாசல்லயே பாயைப் போட்டுப் படுத்துருவேன்" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்தாள். "ஏத்தலைன்னாலும் வீட்டுல என் உயிரை எடுப்பாரு. ஒண்ணு செய். மீட்டர் நாப்பது காட்டட்டும். வண்டி இருபத்தஞ்சுலயே போகட்டும். இதுக்குக்கூட வழியில்லாமயா நீ கடை வச்சிருக்கே?"

வழி இருந்தது. சக்கரத்தின் அளவு என்னவென்று நாம் சொல்வதை நம்பித்தான் மீட்டர் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அந்த அளவு திரையில் வரும். பத்து அங்குலச் சக்கரத்தைப் பதினாறு என்று மாற்றினேன். மோட்டாருக்கு இந்தச் சமாச்சாரமே தெரியாது. அது பாட்டுக்கு இருபத்தைந்தில் ஓடும், மீட்டர் நாற்பது என்று கூசாமல் சொல்லும்.

அத்தான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"யப்பா! காத்து என்னமா அடிக்குது! சட்டை பட்டனே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு பாரு!"

அந்தப் பட்டன் போய் ஆறு மாதம் ஆகிறது.

அதன்பிறகு அவர் பேச்சைக் கேட்க முடியவில்லை. வேகம் என்பது ஒரு பொறுப்பு என்றார். வளைவில் மட்டும் முப்பதுக்கு இறக்கிவிடுவேன் என்றார். கேட்டுத் தொலைத்தேன்.

சிக்கல் கணக்கில் வந்தது. வீட்டிலிருந்து அவர் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி கம்பெனி பத்து கிலோமீட்டர். இருபத்தைந்தில் போனால் இருபத்து நான்கு நிமிடம், நாற்பதில் போனால் பதினைந்து. மிச்சம் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தைப் புதன்கிழமையிலிருந்து இரண்டாவது காபிக்கு ஒதுக்கினார் மனுஷன். சரியாக ஒன்பது நிமிடம் லேட்டாகப் போய் நின்றார். விரல் வைக்கும் இயந்திரம் ஒன்பது மணி தாண்டினால் சிவப்பு காட்டும். முதல் சிவப்புக்கு இயந்திரத்தைத் திட்டினார். இரண்டாவது சிவப்புக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

சரக்கு அனுப்பும் பிரிவின் சூப்பர்வைசர் நாற்காலிக்கு அத்தான் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை முடிவு. இன்னொரு சிவப்பு விழுந்தால் நாற்காலி 'அலாரம்' என்ற ஆளுக்குப் போய்விடும். தினமும் எட்டரைக்கு டாணென்று வந்து உட்கார்வதால் அந்த ஆளுக்கு அப்படிப் பெயர். "சீக்கிரம் கிளம்புங்க" என்று அக்கா தலையால் அடித்துக்கொண்டாள். "நாப்பதுல போறவன் எதுக்கு முன்னாடியே கிளம்பணும்?" என்று கேட்டுவிட்டுக் காபியை ஆற்றினாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நீளத் தாளோடு கடைக்கு வந்தார்.

"ஸ்பேனர், கண்டுபிடிச்சுட்டேன். ரோடு நீண்டுபோச்சு."

"என்னது?"

"முன்னாடி ஆபீசுக்குப் பத்து கிலோமீட்டர். இப்போ மீட்டர்ல பதினாறு காட்டுது. ரெண்டு நாளா குறிச்சு வச்சிருக்கேன். நாப்பதுல போனா பதினாறு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும்? இருபத்தி நாலு நிமிஷம். கரெக்டா வருதா இல்லையா?"

கரெக்டாகத்தான் வந்தது, அதுதான் கொடுமை. தூரத்தையும் அந்தச் சக்கர அளவை வைத்துத்தான் மீட்டர் அளக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

தாளை வாங்கிப் படித்தேன். 'மேற்படி சாலையானது எவ்வித முன்னறிவிப்புமின்றி ஆறு கிலோமீட்டர் நீட்டிக்கப்பட்டுள்ளபடியால், அடியேனின் தாமதத்தைப் பொறுத்தருளுமாறு...'

"நாளைக்குக் காலையில மேனேஜர் கையில குடுத்துடுவேன். சாலைத்துறைக்கு ஒரு நகல்."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. இந்தத் தாளை நம்பி நாளைக்கும் இரண்டாவது காபி குடிப்பார். மூன்றாவது சிவப்பு விழும். நாற்காலியும் போய், ரிட்டயர் ஆகும்வரை 'ஆறு கிலோமீட்டர்' என்ற பட்டப்பெயரோடு திரிவார். மறுபடி கொல்லைப்பக்கம் ஓடினேன்.

"நீயே சொல்லிடு" என்றாள் அக்கா. "என் பேரை மட்டும் இழுக்காத. நான் சொல்லித்தான்னு தெரிஞ்சா மூணு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு."

பழியை நான் ஒருத்தியே சுமந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் இத்தனை நாளும் போனது?"

"இருபத்தஞ்சு."

"அந்தக் காத்து?"

"எப்பவும் அடிக்கிற காத்துதான் அத்தான்."

"அந்தச் சைக்கிள்காரம்மாவை நான் முந்தினேனே!" என்று துள்ளி எழுந்தார். உடனே உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு அவ பஞ்சராகித் தள்ளிக்கிட்டுதான் போனா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பதினாறைப் பத்தாக்கு" என்று மட்டும் சொன்னார். ஆக்கிக் கொடுத்தேன். இருபத்தைந்தில் போனார்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். எட்டு ஐந்துக்கே கிளம்பிவிட்டாராம், முதல் காபியைக்கூடத் தொடவில்லையாம். அன்றைக்கு நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஒரு வண்டிக்கு ஹார்ன் வயரையும் விளக்கு வயரையும் மாற்றிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் அத்தான் வந்தார். கையில் சூப்பர்வைசர் ஆர்டர்.

"எட்டு இருபத்தொம்பதுக்கு விரல் வச்சேன். பச்சை! அலாரமே அதுக்கப்புறம்தான் வந்தான். வந்தவன் தன் வாட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான்."

"என்னை மன்னிச்சிடுங்க அத்தான்."

"அது கிடக்கட்டும்." வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மறுபடியும் பதினாறு போடு."

"ஐயையோ, மறுபடியுமா?"

"ஆபீசுக்கு எட்டு அஞ்சுக்கே கிளம்பிடுவேன், கவலைப்படாத. மீட்டர் மட்டும் நாப்பது காட்டட்டும்."

"பொய்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு?"

"எனக்குத்தானே தெரியும். உங்க அக்காவுக்குத் தெரியாதே." காது மடல் சிவந்துவிட்டது மனுஷனுக்கு. "பின்னாடி உக்காந்தா நடுவுல பையை வச்சுக்கிட்டுத் தள்ளித்தான் உக்காருவா. பதினெட்டு வருஷமா அப்படித்தான். போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் தோள் வழியா மீட்டரை எட்டிப் பார்த்தா. நாப்பதுன்னு இருந்துச்சா? பயமா இருக்குங்கன்னு சொல்லி இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. வீடு வர்ற வரைக்கும் கையை எடுக்கல."

நான் சட்டென்று மீட்டர் பக்கம் குனிந்துகொண்டேன்.

"அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடாத, ஸ்பேனர்."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தான்" என்றேன். அடி கள்ளி அக்கா, என்னிடம்கூட மூச்சு விடவில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினேன்.