மேல்முறையீட்டில் மாமனார் சொன்னது

மனு தள்ளுபடியானதை அவள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நின்றபடியே படித்தாள். கணவன் இறந்தது ஏரியில் நடந்த விபத்து. ராணுவப் பணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே மனைவிக்குக் குடும்ப உதவித்தொகை கிடையாது. கடை முன்னால் ஒருவர் கண்ணாடியின் காது வளைந்துவிட்டதென்று காத்திருந்தார். போய் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். மாறாமல் அப்படியே இருந்தது.

முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தின் வக்கீலம்மா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"மேல்முறையீட்டுக் குழுவில மூணு பேரு உட்காருவாங்க. நம்ம கண்ணீரை அவங்க எடை போட மாட்டாங்க. அவருக்கு மனநோய் இருந்துச்சா, அது பணியால வந்துச்சா, அந்த நோய்தான் உயிரை எடுத்துச்சா, இவ்வளவுதான் கேள்வி. முதல் ரெண்டுக்கும் ராணுவ டாக்டர் எழுதி வச்சதே போதும். மூணாவதுதான் இடிக்குது."

"எங்க இடிக்குது?"

"கால் வழுக்கி விழுந்தாருன்னு உங்க மாமனார் போலீஸ்ல சொல்லியிருக்காரே. வழுக்கினா அது விபத்து. சாட்சியம் ரெண்டு பக்கமும் சமமா நின்னாக்கூடப் போதும், சட்டம் சிப்பாய் பக்கம் சாயும். ஆனா நம்ம தட்டு காலியால்ல இருக்கு?"

அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாக அவளும் மாமனாரும் ஒரே வீட்டில் அந்தப் பேச்சைத் தொடாமலே சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அன்று ஏரிக்கு அப்பனும் பிள்ளையும் மட்டும்தான் போனார்கள். திரும்பி வந்தது அப்பன் மட்டும்.

கணவன் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருந்தவன். வீட்டுக்கு வந்த பிறகு மண்ணில் கால் வைக்க மாட்டான். தார், சிமெண்டு, கல், இவற்றில்தான் நடப்பான். பூங்காவுக்குப் போனால் வாசலோடு சரி. ஒருமுறை மகள் புல்வெளி நடுவில் விழுந்து முட்டி சிராய்ந்து அழுதாள். அவன் ஓரத்துச் சிமெண்டில் நின்று கைகளை நீட்டி நீட்டி மடக்கினானே தவிர, ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. யாரோ ஒரு பெண் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். "என்னப்பா நீ!" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை அவள் மாமனாரிடம் வாய் திறந்தாள். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பேத்தியின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, குழு முன்னாடி நீங்க வந்து பேசணுமாம்."

"வரேன். வழுக்கிட்டான்னு சொல்றேன்."

"அப்படிச் சொன்னா..."

"வேற எப்படிச் சொல்லணும்?" ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எம்பிள்ளை கோழைன்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? நாளைக்கு இந்தக் குழந்தை காதுல விழாதா? கஞ்சியோ கூழோ குடிச்சுப் பொழைச்சுக்கலாம். அந்தப் பேச்சு வேணாம்."

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவள் மனசிலும் ஒரு முள் இருந்தது. ஏரிக்குப் போன அன்று காலை அவள்தான் கணவனிடம் கத்தினாள். 'எத்தனை நாளைக்கு இப்படி மூலையிலயே உட்கார்ந்திருப்பீங்க, மாமாவோட வெளிய போயிட்டு வாங்க' என்று துரத்தாத குறையாக அனுப்பிவைத்தாள். மாமனார் உண்மையைச் சொன்னால் அந்த உண்மைக்குள் தானும் இருப்போமோ என்று பயந்தாள்.

விசாரணை அறை சின்னது. ஜன்னல் இல்லை. நீள மேஜைக்குப் பின்னால் தலைவரான ஒல்லியான அம்மாள், ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி. பேச்சைப் பதிவுசெய்யும் கருவியின் சிவப்பு விளக்கு அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. டாக்டர் மருந்துகளைப் பற்றிக் கேட்டார். மண்ணில் நடக்காததைப் பற்றிக் கேட்டார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருவேளை அவர் தானாவே அப்படிச் செஞ்சிருந்தாலும், காரணம் வீட்டிலயும் இருக்கலாமில்ல? அன்னைக்கு உங்களுக்குள்ள சண்டை ஏதாவது?"

"காலையில... நான் கொஞ்சம் சத்தம் போட்டேன்."

"எதுக்கு?"

"வெளிய போகச் சொல்லி."

"அப்போ, நீங்க சொல்லித்தான் அவர் ஏரிக்குப் போனாரு?"

வக்கீலம்மா எழுவதற்குள் பின்வரிசை நாற்காலி கிரீச்சிட்டது. மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணை விடுங்க சார். அவ பேர்ல பழி போடாதீங்க. நான் சொல்றேன்."

தலைவர் அவரை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கல்லுல உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தேன். அவன் கார்கிட்ட தார் ரோட்டுல நின்னான். கொஞ்ச நேரங்கழிச்சுத் திரும்பிப் பார்த்தா, செருப்பைக் கழட்டிட்டுப் புல்லு மேல நடந்து வரான். புல்லு மேலம்மா! குனிஞ்சு தரையைக்கூடப் பாக்கல. எனக்குச் சந்தோஷம் தாங்கல. நல்லாயிட்டான், நல்லாயிட்டான்னு..." அவர் நிறுத்தினார். "நான் கையை ஆட்டினேன். அவன் என்னைத் தாண்டித் தண்ணிக்குள்ள நேரா போனான். முழங்கால், இடுப்பு, நிக்கவே இல்ல. அங்க வழுக்கறதுக்குப் பாசியே கிடையாது. எனக்கு நீச்சல் தெரியாது. கத்தத்தான் தெரிஞ்சுது."

அதிகாரிதான் மறுபடி கேட்டார், ஆனால் குரல் தணிந்திருந்தது. "போலீஸ்ல வேற சொன்னீங்க. உதவித்தொகைக்காக இப்போ மாத்திச் சொல்றீங்கன்னு நான் நினைச்சா?"

"நினைச்சுக்கோங்க. அப்போ பிள்ளை மானத்துக்காகச் சொன்னேன். இப்போ இவளுக்காகச் சொல்றேன். ரெண்டும் என் வாய்தான். எதை நம்புறதுன்னு பாக்கத்தானே நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

திரும்பும் பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் மாதக்கணக்கில் அலைந்தாள். இப்போது கண்ணை மூடினால், அவர் சந்தோஷமாகக் கையை ஆட்டுவதுதான் தெரிந்தது.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். சம்பவத்தன்று சொன்ன வாக்குமூலத்துக்கே எடை அதிகம் என்று அதிகாரி மாறுபட்டு எழுதியிருந்தார். மற்ற இருவரும், சாட்சியங்கள் சமமாக நிற்கின்றன, ஆகவே சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்று எழுதியிருந்தார்கள். வக்கீலம்மா போனில், "ஜெயிச்சிட்டோம்மா" என்றாள். அவளுக்கு அந்தச் சொல் எங்கேயும் ஒட்டவில்லை.

மாமனாரிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கேட்டார்:

"குழந்தைகிட்ட என்ன சொல்லப் போறே?"

"பெரியவளானதும் உள்ளதைச் சொல்லுவேன் மாமா. உங்கப்பாவுக்கு நோய் இருந்துச்சு, அது வேலையில வந்த நோய்னு."

"நான் கண்ணை மூடுற வரைக்கும் சொல்லாதே."

அவள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. கொடியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பள்ளி வண்டியின் ஹாரன் கேட்டதும், வீட்டிலிருந்த ஒரே குடையை எடுக்க இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.