பழுப்பு அடித்த வழி

வக்கீலைத் தேர்ந்தெடுத்ததில் ரஸல் ஆக்ராய்ட் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, 'எவனோ மட்டமான வக்கீலைப் பிடித்திருப்பான்' என்று யாரும் அந்த வக்கீல் அம்மாள் தலையில் பழியைப் போட்டுவிடக் கூடாது.

ரஸல் வீடு வாங்கியபோது, தரகன் தன் கம்பெனி வக்கீல்களைத்தான் தள்ளிவிடப் பார்த்தான். "நீங்க அலையவே வேணாம் சார், எல்லாம் போன்லயே முடிஞ்சிடும்." ரஸலின் மைத்துனன் அப்படிப் போனிலேயே முடித்தவன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குரல், ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து கதை. சாவி கைக்கு வருவதற்குள் ஆள் பாதியாக இளைத்துவிட்டான். அதனால் ரஸலும் அவன் மனைவி லின்ஸியும் இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் நகருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் தங்கள் ஊரிலேயே, ரொட்டிக்கடை மாடியில் இருந்த திருமதி பேரக்ளஃபிடம் போனார்கள். வீடு கைமாற்றிக் கொடுக்கிற வேலையிலேயே தலை நரைத்தவள். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் வாங்குகிறவர் நேரில் வந்து எதிரே உட்கார வேண்டும். பத்திர வரைபடத்தை மேஜையில் விரித்து, அவளே விரல் வைத்து விளக்குவாள்.

ரஸல் அப்படிப் போய் உட்கார வேண்டிய அன்றைக்கு லின்ஸிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. காரில் ஏறும்போதே சொன்னாள்: "உன் கண்ணு விஷயத்தை அந்தம்மாகிட்ட மொதல்ல சொல்லிடு. படம் பூரா கலர் கலரா இருக்குமாம்."

"சொல்றேன், சொல்றேன்."

விஷயம் இதுதான். ரஸலுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் ஒன்பது வயதில் ஒரு புல்வெளியை முழுக்கப் பழுப்பாக அடித்து வைத்தான். டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினாள். அதற்குப் பிறகு பையன்கள் விடுவார்களா? போகிற இடமெல்லாம் சட்டையை நீட்டி, தொப்பியை நீட்டி, "இது என்ன கலர் ரஸ்? இது?" என்று உயிரை வாங்கினார்கள். அப்போது முடிவு செய்தான், இனி ஒருத்தரிடமும் வாய் திறப்பதில்லை என்று. இப்போது நாற்பத்தாறு வயசு. பஸ் கம்பெனியில் அவனுக்குக் கீழே எத்தனையோ பேர். இருந்தும் அந்தப் புல்வெளி மனசை விட்டுப் போகவில்லை.

திருமதி பேரக்ளஃப் தேநீர் கொடுத்தாள். படத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்தக் கோட்டுக்குள்ள இருக்கிறது பூரா உங்களுது. பின்கட்டுல ரெண்டு துண்டு கலர் அடிச்சிருக்கு பாருங்க. பச்சை முழுக்க முழுக்க உங்களுக்கு. பழுப்பும் உங்க இடம்தான், ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க அது வழியா பின்சந்துக்குப் போகலாம், வரலாம். அது அவங்க உரிமை. அதை மட்டும் எந்தக் காலத்துலயும் அடைச்சிடாதீங்க. புரியுதுங்களா?"

ரஸல் பார்த்தான். இரண்டு துண்டும் ஒரே மாதிரிச் சேற்று நிறத்தில் கிடந்தன.

"நல்லாப் புரியுது," என்றான்.

"சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுடுங்க. எத்தனை தடவ கேட்டாலும் நான் சலிச்சுக்க மாட்டேன். அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

அடப்பாவி, எதிரே ஒருத்தி வலியக் கேட்கச் சொல்கிறாள்! 'எது பச்சை, எது பழுப்பு?' இவ்வளவுதான் கேட்க வேண்டியது. நாக்கு நுனி வரை வந்தது. அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான். சாயங்காலம் லின்ஸி, "சொன்னியா?" என்று கேட்டதற்கும் அதே தலையாட்டல்தான். படம் மேஜை டிராயருக்குள் போனது.

அந்தப் பின்கட்டில் ஒரு துண்டு, நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால் காஞ்சொறி மண்டிய இடுக்கு. ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். இன்னொன்று கல் பாவிய அகலமான தரை. பக்கத்து வீட்டுச் சின்னக் கதவிலிருந்து பின்சந்துக் கதவு வரை நேராகப் போகிறது. ரஸலுக்கு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி அங்கே நிறுத்த வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மனசு எதை ஆசைப்பட்டதோ அதுவே பச்சையாகிவிட்டது. குடிவந்த சமயம் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த கிழவர் கிளைவ் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், மனைவி மகள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தாள். கேட்பார் இல்லை. மோட்டார் சைக்கிள் வந்தது. திருட்டுப் பயத்தில் பின்சந்துக் கதவுக்கு ஒரு பெரிய பூட்டும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் திரும்பினார்கள். கிளைவ் இப்போது சக்கர நாற்காலியில். தெருப்பக்கம் செங்குத்தான கல்படி என்பதால் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி, பாதியில் ஒருத்தன் கால் சறுக்கி, கிழவர் அலறி, எப்படியோ வீட்டுக்குள் சேர்த்தார்கள். சாயங்காலம் அவர் மனைவி மோரீன் ஒரு தட்டில் இஞ்சிக் கேக்கோடு வந்தாள்.

"புது வீடு நல்லா இருக்கா ராசா? இந்தா, நானே செஞ்சது. ஒண்ணு சொல்லணும், அந்தப் பின்கதவு பூட்டிக் கெடக்கே. நாங்க அது வழியாத்தான் போவோம். இவரை வெளிய கூட்டிட்டுப் போக வேற வழியே இல்ல."

ரஸல் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். சிரித்துக்கொண்டே டிராயரிலிருந்து படத்தை எடுத்து வந்தான்.

"உங்க வழி கொட்டகைக்குப் பின்னாடிங்க. என் வக்கீல் தெளிவா சொல்லியிருக்காங்க. இதோ, நீங்களே பாருங்க. இது பச்சை. பச்சைன்னா எனக்கு மட்டும்தான்."

மோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க மிஸ்டர் ஆக்ராய்ட்," என்று சொல்லிவிட்டுப் போனாள். தட்டைக் கூடக் கேட்கவில்லை.

ராசா எப்படி ஒரு நொடியில் மிஸ்டர் ஆக்ராய்ட் ஆனான் என்று அவன் யோசிக்கவில்லை. கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தின்றான். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லின்ஸி டியூட்டி முடிந்து வந்தாள். படம் சமையலறை மேஜையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமைக் கதையை ரஸல் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"எதைக் காட்டின?" என்றாள் லின்ஸி.

"இதை. பச்சை."

"ரஸ், இது பழுப்பு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்னியே."

ரஸல் படத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

"கலர் தெரியலைங்கறது ஒரு குத்தமா? எங்கிட்ட பொய் சொன்ன பாரு, அது குத்தம்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மோரீனுக்கு நிறம் நன்றாகத் தெரியும். பழுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பச்சை என்று சிரித்தபடி சாதிக்கிறவனை அவள் பார்த்திருக்கிறாள். நடக்க முடியாத மனுஷனின் வழியைப் பட்டப்பகலில் திருடுகிற ஒருத்தனை. அவள் செய்த கேக்கை வேறு தின்றிருக்கிறான்.

"பேசாம பூட்டை எடுத்துட்டா? ஒண்ணும் சொல்லாம?"

"எடு. திருடன்னே நெனச்சுக்கட்டும்," என்று லின்ஸி கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

பூட்டை எடுத்தான். மோட்டார் சைக்கிளைச் சந்துக்குத் தள்ளினான். தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

மோரீன் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் ஜன்னலோரம் கிளைவ் உட்கார்ந்திருந்தார். கோட்டு, கழுத்தில் டை, மார்பில் ஒரு பூ. காலில் மட்டும் வீட்டுச் செருப்பு.

"எங்கயாச்சும் கிளம்பறீங்களா?" என்று கேட்டான் ரஸல். கேட்டிருக்க வேண்டாம்.

"கிளம்பறதா இருந்துச்சு," என்றாள் மோரீன். "காலையில கோயில்ல பேத்தியோட கொழந்தைக்கு ஞானஸ்நானம். பேரன் வந்து தூக்கறேன்னுதான் சொன்னான். மழையில படியைப் பாத்ததும் இவரு நடுங்கிட்டாரு. அவங்களை மட்டும் அனுப்பிட்டோம். டிரஸ்ஸைக் கழட்டவும் மாட்டேங்கறாரு."

ரஸலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. தட்டைப் பிடித்தபடி, சொல்ல வேண்டியதைத் தட்டைப் பார்த்தே சொன்னான். கண், வரைபடம், வக்கீல் அம்மாள் கேட்கக் கேட்கத் தலையாட்டியது, எல்லாம். தன் குரல் ஒன்பது வயசுப் பையன் குரலாக வருவது அவனுக்கே கேட்டது. முடித்துவிட்டுக் காத்திருந்தான். இப்போது கிளைவ் டையைத் தூக்கிக் காட்டி, 'இது என்ன கலர்?' என்று கேட்பார். எல்லாரும் கேட்பார்கள். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்.

கிளைவ் கேட்கவில்லை.

மோரீன்தான் பேசினாள். "ஒரு வார்த்த. அவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நீங்க."

"வெக்கமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான். ரெண்டாந்தரம் வந்து கதவைத் தட்டியிருக்கணும். முகத்துக்கு நேரா பொய் சொல்றவங்களை எப்படிப் போயி திரும்பப் பாக்கறதுன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. நம்ம ரெண்டு பேரு வெக்கத்துக்கு நடுவுல இவருதான் போக முடியாம உக்காந்துட்டாரு."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். ரஸல் திரும்பிப் போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

"தம்பி," என்றார் கிளைவ். "கொஞ்சம் தள்ளிட்டுப் போறியா?"

"எங்க போகணும் சொல்லுங்க. கோயிலுக்கா? விருந்து வீட்டுக்கா? கார்ல கொண்டுபோய் விடறேன்."

"அதெல்லாம் முடிஞ்சிருக்கும். உன் பின்கதவு வரைக்கும் போதும்," என்றார் கிளைவ். "தெறந்திருக்கான்னு பாக்கணும்."