மூன்றாவது சுடலைமுத்து

1

இந்தக் கதையை ஒரு பகிடியாகத்தான் தொடங்கினேன். ஒரே பெயரில், வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆசை. கிளிநொச்சிப் பத்திரிகையொன்றில் வேலை செய்யும் ஜனார்த்தனன் என்பவனை உண்டாக்கி, அந்த வேலையை அவன் தலையில் கட்டினேன்.

வன்னி மண்ணின் மைந்தர்களுள் சுடலைமுத்து எனும்... (வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை வாசம் அடிக்கிறது.)

ஜனார்த்தனனுக்கு இரண்டு சுடலைமுத்துகள் கிடைத்தார்கள். ஒருவர், எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் காடு வெட்டி, பல குடும்பங்களைக் குடியேற்றியவர். மற்றவர் எண்பதுகளில் காமன்கூத்து ஆடிப் பெயரெடுத்தவர். இக்காலத்துக்கும் ஒருவர் இருந்தால்தான் ஞாயிறு பக்கம் நிரம்பும். தேடிச் சலித்தவன் ஒருவரைக் கற்பனையில் செய்துவிட்டான்: நோர்வேயில் நெடுந்தூர ஓட்டக்காரர், வயது முப்பது, புருவத்தில் தழும்பு.* "ஆர் தேடப் போகினம்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

* தழும்பு என் யோசனை. இந்த மண்ணில் தழும்பில்லாத பிள்ளை எது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2

கட்டுரை வந்த மறுநாள், விசுவமடுவிலிருந்து ராக்காயி என்ற அம்மா பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார்.

"இருங்கோ அம்மா. என்ன விசயம்?"

அவர் உட்காரவில்லை. பத்திரிகையை விரித்து, மூன்றாவது பெயரின்மேல் விரலை வைத்தார். "இது என் மகன், தம்பி. அதே வயசு, புருவத்துல அதே தழும்பு. யுத்தத்துல காணாமப் போனவர். எங்க இருக்கார்?"

ஜனார்த்தனன் அந்த வரியைக் குனிந்து பார்த்தான். "உங்கட மகன்ர பேர் என்னம்மா?"

"நான் சொல்லக்கூடாது. காடு வெட்டினவருன்னு எழுதியிருக்கீங்களே, அவர் என் மாமனார். அவர் பேரைத்தான் மகனுக்கு வச்சோம். மாமனார் பேரை மருமக சொல்றதா? பெரியவரேன்னுதான் கூப்பிடுவேன்."

"எங்க காணாமல் போனவர்?"

"முள்ளிவாய்க்கால்ல. சனத்துக்குள்ள என் கைய விட்டுட்டார். பெரியவரே, பெரியவரேன்னு கத்தினேன். கிழவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, தம்பி."

ஜனார்த்தனன் அப்போது... (ஒரு வரி எழுதி வெட்டினேன். இன்னொன்று எழுதி அதையும் வெட்டினேன்.)

சத்தியமாக, இந்த அம்மாவை நான் கூப்பிடவில்லை. பொய் பிடிபட்டு ஜனார்த்தனன் அசடு வழிய வேண்டும், நாம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

3

முடிவு ஒன்று: நோர்வேயில் மெய்யாகவே அந்த அம்மாவின் மகன் இருக்கிறான். கதைதானே, ஒரு வரி போதும். எழுதினேன். முல்லைத்தீவு வீதியோரத்தில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு குந்தியிருக்கும் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். அழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஜனார்த்தனன் உண்மையைச் சொல்கிறான்.

"அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அப்பிடி ஒருத்தர் இல்லை. நான்தான் சும்மா எழுதினனான்."

ராக்காயி அழவில்லை, ஏசவுமில்லை. "அப்ப நான்தான் கூப்பிடணும். அன்னைக்கே பேரைச் சொல்லியிருக்கணும்" என்றார்.

வாசலுக்குப் போனார். பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் இரையும் வீதியைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"சுடலைமுத்து!"

வீதியில் போன எவரும் நிற்கவில்லை. ராக்காயி மறுபடியும் மூச்சை இழுக்கிறார். எனக்கு இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. வாசிக்கிற உங்களில் எவருக்காவது அந்தப் பெயர் இருந்தால், தயவுசெய்து, ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.